வேலையில் இருக்கும் நர்ஸுக்கு ஆன்லைன் பி.எஸ்சி.: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

கருங்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். கணவருக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. மூத்த மகள் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்து, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். சம்பளம் 17,000 ரூபாய். சமீபத்தில் ஒரு சம்பந்தம் பேச வந்தவர்கள், "பொண்ணு டிப்ளமாதானா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஷார்ஜாவில் இருக்கும் தாய்மாமன், வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் அமெரிக்க பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாம் என்று ஓர் ஏஜென்ட்டின் நம்பரை அனுப்பியிருக்கிறார். முன்பணம் 40,000. அது வேண்டாம் என்றால் வேறு மாநிலத்தில் "காலேஜுக்கே போக வேண்டாத" போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும் (டிப்ளமா முடித்த நர்ஸ்கள் பட்டம் வாங்கப் படிப்பது) அதே ஏஜென்ட்டிடம் இருக்கிறதாம். பெரியப்பாவோ, வேலையை விட்டுவிடு, லோன் போட்டு நல்ல பெயருள்ள காலேஜில் சேர் என்கிறார். "இந்த மூணுல எது பிள்ளைக்கு நல்லது சார்?" என்பது அந்த அம்மாவின் கேள்வி.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் மூன்றில் எதுவுமே உங்கள் மகளுக்கு நல்லதில்லை. ஆறுதல் சொல்லி நேரத்தைக் கடத்த எனக்கு விருப்பம் இல்லை. ஏஜென்ட் கேட்கும் அந்த 40,000 கைமாறுவதற்குள் சொல்லியாக வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் அந்த "டிப்ளமாதானா" என்ற பேச்சு. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் முழு நர்ஸ். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ்களை எடுக்கும்போது ஜி.என்.எம். படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான நார்செட் தேர்வை, குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் இருந்தால், ஜி.என்.எம். தகுதியோடு எழுதலாம். இங்கிலாந்தில் பதிவு பெறும் ஜி.என்.எம். நர்ஸ்களும் இருக்கிறார்கள். ஆக, பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்பதற்காகப் பட்டம் வாங்கத் தேவையில்லை. அந்த வீட்டாருக்காக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

பட்டம் எங்கே உண்மையிலேயே கதவைத் திறக்கும்? நர்சிங் ஸ்கூலிலோ காலேஜிலோ டியூட்டராகப் பாடம் நடத்த. எம்.எஸ்சி. நர்சிங் படிக்க. பெரிய ஆஸ்பத்திரிகளில் நிர்வாகப் பொறுப்புக்கு உயர. சவூதி சுகாதார அமைச்சகப் பணிகளுக்கும் பெரும்பாலும் பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் கேட்கிறார்கள். உங்கள் மகளுக்கு இதில் எது வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் மாமன் என்ன சொன்னார், பெரியப்பா என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. அதனால் நானே அவளிடம் போனில் பேசினேன். அவள் சொன்னதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்த ஆன்லைன் பட்டம். அமெரிக்காவில் அப்படி ஒரு படிப்பு இருப்பது உண்மைதான், மாமன் பொய் சொல்லவில்லை. அங்கே இரண்டு வருட அசோசியேட் டிகிரியோ டிப்ளமாவோ முடித்து, என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்கி வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் ஏராளம். 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று அங்கே 2010இல் ஒரு தேசிய அறிக்கை பரிந்துரைத்தது. நியூயார்க் மாநிலம் 2017இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: புதிதாக உரிமம் பெறும் நர்ஸ்கள் பத்து வருடத்துக்குள் பட்டம் வாங்க வேண்டும். அப்படி வேலையில் இருப்பவர்களுக்காகத்தான் பல்கலைக்கழகங்கள் ஆன்லைன் வகுப்பு நடத்துகின்றன. கைவேலையை அவர்கள் முன்பே கற்று உரிமம் வாங்கிவிட்டார்கள். எஞ்சியிருப்பது ஆராய்ச்சி, தலைமைப் பண்பு, சமூக நலம் போன்ற பாடங்கள். களப்பயிற்சியை அவரவர் ஊரிலேயே முடிக்கிறார்கள்.

இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவை சேரும்போதே அமெரிக்க உரிமம் கேட்கும். தமிழ்நாடு கவுன்சிலில் பதிந்திருப்பது அதற்கு ஈடாகாது. நாளைக்கு உங்கள் மகள் என்க்ளெக்ஸ் எழுதி அங்கே வேலைக்குப் போனால், அப்போது அந்தப் பட்டத்தைத் தாராளமாகப் படிக்கட்டும். படிப்புச் செலவில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்கும் ஆஸ்பத்திரிகள் அங்கே உண்டு. அது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பார்க்க வேண்டிய காரியம். கருங்கலில் உட்கார்ந்து ஏஜென்ட்டுக்கு முன்பணம் கட்டிச் செய்கிற காரியம் இல்லை.

நம் நாட்டிலேயே ஆன்லைனில் பி.எஸ்சி. நர்சிங் என்று யாராவது விற்றால் அதையும் நம்பாதீர்கள். ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாத படிப்புகள் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருக்கும் பட்டியலில் நர்சிங்கும் இருக்கிறது. காரணம் எளிது. உங்கள் கணவர் ரப்பர் மரத்தில் எந்த ஆழத்துக்குக் கத்தி போகலாம் என்பதை போனில் வீடியோ பார்த்தா கற்றுக்கொண்டார்? பிரசவ வார்டும் அப்படித்தான்.

"காலேஜுக்கே போக வேண்டாம்" என்கிற அடுத்த சரக்கு இதைவிட ஆபத்தானது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். காகிதத்தில் அது முழுநேர ரெகுலர் படிப்பு. உங்கள் மகள் அதே இரண்டு வருடமும் நாகர்கோவிலில் முழுநேர டூட்டி பார்த்ததாக அனுபவச் சான்றிதழும் வாங்குவாள். வளைகுடாவுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனம் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும். இரண்டு காகிதத்திலும் ஒரே தேதிகள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் எப்படி இருந்தார் என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியவள் உங்கள் மகள். ஏஜென்ட்டின் போன் அன்றைக்கு சுவிட்ச் ஆஃபில் இருக்கும். பட்டம் மட்டும் போகாது, அவள் நேர்மையாகச் சம்பாதித்த நான்கு வருட அனுபவத்தின் மேலும் சந்தேகம் விழும். இதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது.

பெரியப்பா சொல்லும் ரெகுலர் போஸ்ட் பேசிக் நேர்மையான வழிதான். இரண்டு வருடம். அதைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். மாதம் 17,000 என்றால் இரண்டு வருடத்தில் விட்டுப்போகும் சம்பளமே 4,08,000 ரூபாய். அதன் மேல் காலேஜ் கட்டணம், ஹாஸ்டல், லோன் வட்டி. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகிற ஒரு வீட்டில், தம்பி பிளஸ் டூ படிக்கும்போது, இந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்காகவே 1994 முதல் இருக்கும் படிப்பு இது. தொலைநிலையில் நர்சிங் கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இது புத்தகத்தை மட்டும் தபாலில் அனுப்பிவிட்டுப் பட்டம் கொடுக்கிற படிப்பு இல்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒப்புதலோடு வடிவமைத்தது. பாடத்தை வீட்டில் படிக்கலாம். ஆனால் அதற்கென்று ஒதுக்கப்பட்ட மையத்தில், ஆஸ்பத்திரி வார்டில், நேரில் போய்ப் பயிற்சி செய்து தீர வேண்டும்.

யார் சேரலாம்? பிளஸ் டூவுக்குப் பிறகு ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்து, அதற்கப்புறம் இரண்டு வருட அனுபவத்தோடு இப்போதும் பணியில் இருப்பவர். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். சேர்ந்த பழைய ஆட்களுக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும். உங்கள் மகளுக்கு நான்கு வருடம் இருக்கிறது. பெரியப்பா பேச்சைக் கேட்டு வேலையை விட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும், அதையும் கவனியுங்கள்.

நுழைவுத் தேர்வு உண்டு. ஜி.என்.எம்.மில் படித்த பாடங்கள்தான், கொள்குறி வினாக்கள். படிப்பு குறைந்தது மூன்று வருடம். தாய்மை நலம், குழந்தை நலம், மெடிக்கல் சர்ஜிக்கல், மனநலம், சமூக நலம், அப்புறம் கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சி என்று பாடங்கள் போகும். எல்லாம் ஆங்கிலத்தில். தியரியில் 70 சதவீதம் தேர்வுக்கு, 30 சதவீதம் அசைன்மென்டுக்கு. நைட் டூட்டி முடித்து வந்து அசைன்மென்ட் எழுதுவது லேசான வேலை இல்லை. நிறையப் பேர் தடுமாறுவது அங்கேதான். ஆண்டுக் கட்டணம் அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டாது. லோன் வேண்டாம்.

கன்னியாகுமரி மாவட்டம் இக்னோவின் திருவனந்தபுரம் மண்டல மையத்தின் கீழ் வருகிறது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் போதும். ஆனால் நர்சிங்குக்கான பயிற்சி மையங்கள் குறைவு, இடங்களும் குறைவு. ஆகவே அறிவிப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: எனக்கு எந்த மையம் கிடைக்கும், செய்முறைப் பயிற்சி எந்த நாட்களில்? அந்த நாட்களுக்கான பஸ் செலவு, தங்கும் செலவு, சம்பளம் இல்லா விடுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கூடவே, முடித்த பிறகு இந்தப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகப் பதிந்துகொள்ள என்ன நடைமுறை என்று தமிழ்நாடு கவுன்சிலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

விடுப்பு விஷயத்தை ஆஸ்பத்திரியில் ஒளித்துச் செய்ய வேண்டாம். நர்சிங் சூப்பிரண்டிடம் நேராகப் போய், இந்தப் படிப்புக்கு இத்தனை நாள் வேண்டும், ஓணம், கிறிஸ்துமஸ் நாட்களில் மற்ற சிஸ்டர்களின் டூட்டியை நான் பார்க்கிறேன் என்று பேசட்டும். இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதச் சொன்னால் வருடக் கணக்கைப் படித்துப் பார்த்துவிட்டு எழுதலாம். ஒரிஜினல் சான்றிதழை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையில் கொடுக்கக் கூடாது.

இனி உங்கள் மகள். வெளிநாடு போக ஆசையா என்று கேட்டேன். "இப்போ இல்ல சார்" என்றாள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்காக அவளே எழுதி வைத்திருப்பது. ட்ரிப்ஸ் ஏற்றும் கணக்கு அது. '500 மி.லி., 4 மணி நேரம், 20 சொட்டு செட் (ஒரு மி.லி.க்கு 20 சொட்டு): நிமிடத்துக்கு 42 சொட்டு' என்று எழுதி, அந்த 42 எப்படி வந்தது என்பதை நான்கு படியாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள். கீழே சிவப்பு மையில், 'கையில் வாட்ச் இல்லாமல் சொட்டு எண்ணாதே.' யாரும் அவளை இதைச் செய்யச் சொல்லவில்லை, இதற்குச் சம்பளமும் இல்லை. அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில்தான் மனம் இருக்கிறது. அதற்குப் பட்டம் தேவை, அதனால்தான் பட்டம் படி என்கிறேன். இன்னொரு நல்ல செய்தி: பி.எஸ்சி. நேராகப் படித்தவர்கள் எம்.எஸ்சி. சேர, பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் படித்தவருக்கு அதற்கு முன்பு பார்த்த வேலையே கணக்கில் வரும். அவளுடைய நான்கு வருடம் வீணாகாது.

மாமனிடம் அம்மா நீங்களே பேசுங்கள், பிள்ளையைப் பேச விடாதீர்கள். அவர் அக்கறையில் குறை இல்லை, உதவி செய்யத்தான் நினைக்கிறார். ஏஜென்ட்டுக்குத் தருவதாக இருந்த பணத்தில் ஒரு லேப்டாப்பும் ஒரு மேசை விளக்கும் வாங்கித் தரச் சொல்லுங்கள். தம்பி பக்கத்தில் தூங்கும்போது இரவில் அசைன்மென்ட் எழுத விளக்கு வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த 4,08,000 கணக்கைக் காட்டினாலே போதும்.

இந்த வாரம் அவள் செய்ய வேண்டியது ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்குவது. சேர்ந்த தேதி, பதவி, வேலை பார்த்த வார்டுகள், மொத்தப் படுக்கை எண்ணிக்கை, முத்திரை, கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். 50 படுக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அதே சான்றிதழை வைத்து நார்செட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் அப்படியே பார்த்துவிடட்டும்.