பந்து யார் கையில் இருக்கிறது?

கேள்வி: பதினொரு வருடம் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடியவன் நான், பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டேன். இப்போது 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி கொடுக்கிறேன். முதல் வாரம் நல்ல கூட்டம். நான் செய்து காட்டும்போது வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அவர்களைச் செய்யச் சொன்னால் ஒன்றும் வருவதில்லை. மூன்று மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஆடத் தெரிந்த எனக்குச் சொல்லிக்கொடுக்க வராதா?
- பெயர் வேண்டாம்

பதில்: வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் "கைதட்டுகிறார்கள்" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். ஒரு மணி நேரப் பயிற்சியில் பந்து உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அடுத்த முறை பாருங்கள். நானும் ஆடிவிட்டுப் பயிற்சிக்கு வந்தவன்தான். முதல் வருடம் இருபது நிமிடம் வித்தை காட்டிவிட்டு மிச்ச நேரம் கத்திக்கொண்டிருப்பேன். ஓரமாக நின்ற ஒரு அம்மா ஒருநாள், "சார், நீங்க நல்லாத்தான் ஆடுறீங்க, என் பொண்ணு எப்போ ஆடுவா?" என்றார். முகம் சுண்டிப்போனது. ஆட்டத்தை விட்டபின் கைதட்டல் இல்லாத வெறுமை பெரியது, அது எனக்கும் தெரியும். அதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், கிராஸ்ஓவர் போடும்போது, அதாவது பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டி மாற்றித் திசை திரும்பும்போது, எந்தக் காலில் எடையை வைக்கிறீர்கள், எப்போது மாற்றுகிறீர்கள் என்று கேட்டால் உங்களால் உடனே சொல்ல முடியுமா? நன்றாக ஆடுகிறவர்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு, உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்குத் தெரியாது. நீங்கள் ஆடுவதை போனில் படமெடுத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்து, தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல ஒரு நோட்டில் எழுதுங்கள். பாதி விஷயங்களை நீங்களே அப்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயது, பந்தை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி எறிவான். "முழங்கையை உள்ளே வை" என்று நான் ஒரு மாதம் சொன்னேன், அவனும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி இடுப்பிலிருந்தே எறிந்தான். பிறகுதான் உறைத்தது: அவன் கையில் இருந்தது பெரியவர்களின் 7-ஆம் எண் பந்து, 600 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின், கூடையோ 3.05 மீட்டர் உயரத்தில். அந்த உடம்புக்கு அங்கே பந்து போய்ச் சேர அது ஒன்றுதான் வழி. பையன் தப்புச் செய்யவில்லை, கணக்குச் சரியாகப் போட்டிருக்கிறான். மினி கூடைப்பந்துக்கு 5-ஆம் எண் பந்தும் 2.60 மீட்டர் உயரக் கூடையும் வைத்திருப்பது சும்மா இல்லை. பந்தை மாற்றி, கூடையை இறக்கினோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கே பந்து நெற்றிக்கு மேலே வந்துவிட்டது. உங்களிடம் நின்றுபோன பாதிப் பேரில் எத்தனை பேர் இப்படிப் போனார்களோ.

திருத்துவதிலும் கஞ்சத்தனம் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு திருத்தம் போதும். அதுவும் மணிக்கட்டு, முழங்கை, விரல் என்று உடம்பைப் பற்றிப் பேசாமல், "கூடை வளையத்துக்கு முன்னால் ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான், அவன் விரலுக்கு மேலே போய் விழட்டும்" என்று பந்து போகிற வழியைச் சொல்லிப் பாருங்கள். கவனம் உடம்புக்கு வெளியே இருந்தால் நன்றாக வருகிறது என்று காபிரியேல் வுல்ஃப் போன்ற உடலசைவுக் கற்றல் ஆய்வாளர்கள் பல வருடமாகக் காட்டியிருக்கிறார்கள்.

கூம்புகளை வரிசையாக வைத்து பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கூம்பு யார் பந்தையும் பறிக்காது. சீக்கிரமே எதிரில் ஒரு ஆளை நிறுத்துங்கள், ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று ஆட விடுங்கள். அடிப்படைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டைக் கல்லூரிப் பையனைச் செதுக்கிய கோச் ரே மேயரின் பயிற்சி, கூடையின் இரு பக்கமும் மாறி மாறி லே-அப், அதாவது கூடைக்குப் பக்கத்திலிருந்தே ஷாட், போடுவது, எண்பது வருடமாகியும் உயிரோடு இருக்கிறது. அதைப் பத்து நிமிடம் வையுங்கள், ஐம்பது நிமிடம் வேண்டாம்.

ஆடியவர் பயிற்சியாளராக எப்படி மாறலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனிக்கு ஆடியவர். பதின்வயதில் இருந்த டிர்க் நோவிட்ஸ்கியை எடுத்துத் தனியாகப் பழக்கியவர், படகு வலிப்பது, வாள்வீச்சு, இசைக்கருவி என்று எதையெதையோ உள்ளே கொண்டுவந்தார். நோவிட்ஸ்கி அமெரிக்காவின் NBA லீக்கில் டல்லாஸ் அணிக்காகவே 21 சீசன் ஆடி 2019-இல் ஓய்வு பெற்றார். ஒற்றைக் காலில் பின்னால் சாய்ந்து அவர் போடும் ஷாட் உலகுக்கே தெரியும். கெஷ்விண்ட்னர் தன் ஆட்டத்தில் எத்தனை பாயிண்ட் எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

வளரும் வயதில் முட்டிக்குக் கீழே, குதிகாலில் வலி என்று பிள்ளைகள் சொன்னால் "தாங்கிக்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முழங்காலால் ஆட்டத்தை விட்டவர் நீங்கள். குதிப்பதைக் குறைத்து, டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் விஷயம் சுருக்கமாக. எப்போதும் யாராவது பார்க்கக்கூடிய இடத்தில்தான் பயிற்சி, ஒற்றைப் பிள்ளையோடு பூட்டிய அரங்கில் வேண்டவே வேண்டாம். முதலுதவியும் கற்றுக்கொள்ளுங்கள். "இவன் பெரிய ஆளா வருவானா?" என்று கேட்பார்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் அணிக் கோச் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவரை அவன் முன்னால் மட்டம் தட்டாதீர்கள், நேரில் போய்ப் பேசுங்கள், நடுவில் மாட்டி முழிப்பது அந்தப் பையன்தான்.

சரி, அடுத்த வகுப்புக்கு விசிலும் நோட்டும் மட்டும் கொண்டுபோங்கள். பதினைந்து நிமிடம் வாயைத் திறக்காமல் பாருங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நின்றுபோனவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போன் செய்து, ஏன் வரவில்லை என்று பிள்ளையிடமே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.