ஃபுகாஸி இசைக்குழு ஆல்பத்துக்கு ஆல்பம் எப்படி மாறியது?

போஸ்ட்-ஹார்ட்கோர் என்றால், ஹார்ட்கோர் பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக்கின் ஆவேசத்தை விடாமல், தாளத்தையும் இடைவெளியையும் மாற்றிப் பார்க்கிற ராக் இசை. வாஷிங்டனின் ஃபுகாஸி நல்ல உதாரணம்.

தொடக்கப் பதிவுகளில் கிட்டார் இயான் மெக்கை ஒருவரிடம்தான். கீ பிச்சோட்டோ பாடினார், அவ்வளவே. 1990-இல் வந்த ‘ரிப்பீட்டர்’ முதல் இருவரும் வாசித்தார்கள். பெரிய திருப்பம் அதுதான். சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: மகுடம் என்கிற தோல்கருவி இரண்டில் உச்ச மகுடம் கணீரென்று கேட்க, மந்த மகுடம் அடிக்குரலில் பதில் சொல்லுமே, அந்தப் பேச்சு இங்கே இரண்டு கிட்டாருக்குள் நடக்கிறது.

1995-இன் ‘ரெட் மெடிசின்’ இரைச்சலோடு விளையாடியது. 2001-இன் ‘தி ஆர்கியுமென்ட்’டில் செல்லோவும் இரண்டாவது டிரம்மரும் சேர்ந்தாயிற்று.

நிதானம் வந்ததால் பெரிய நிறுவனங்களுக்கு விலைபோய்விட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. ‘தி ஆர்கியுமென்ட்’டும் மெக்கை இணைந்து தொடங்கிய டிஸ்கார்ட் இசை வெளியீட்டு நிறுவனத்திலேயே வந்தது.