நாலு பக்கத்தில் அந்த ஒரு வரி

கேள்வி: வணக்கங்க அம்மா. எனக்குச் சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமம். பி.டெக். கெமிக்கல் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறேன், சி.ஜி.பி.ஏ. 8.3. மேலே படிக்க ஆசை. வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க 40 லட்சம் ஆகும், லோனுக்கு ஏற்பாடு செய்கிறோம், எஸ்.ஓ.பி.யையும் (எதற்காகப் படிக்க விரும்புகிறோம் என்று எழுதும் நோக்கக் கடிதம்) நாங்களே எழுதித் தருகிறோம் என்கிறார்கள் ஒரு ஏஜென்சியில். அப்பா தோட்டத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். பெரியப்பாவோ, "புள்ளைய இதுக்கு மேல படிக்க வெச்சா, அதுக்குத் தகுந்த மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்கிறார். எம்.டெக். சேர கேட் நுழைவுத் தேர்வு எழுதுவதா, வெளிநாடா, திருப்பூரில் வேலைக்குப் போய்விடுவதா? போன மாதம் இன்டர்ன்ஷிப்புக்காகத் திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். ஷெட் நிறைய உப்பு மூட்டை. இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்கு எந்த வழி ஒத்து வரும் அம்மா?
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)
— ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: அம்மிணி, நீ எழுதியது நாலு பக்கம். மார்க், ஏஜென்சி, அடமானம், பெரியப்பா என்று மூணே முக்கால் பக்கம் போய்விட்டது. அந்த உப்பு மூட்டைக்கு மட்டும் ஒரே வரி. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் எனக்கு வாராவாரம் பிள்ளைகள் எழுதுவதுதான். மூட்டையைப் பார்த்து நின்று கேள்வி கேட்டவள் நீ ஒருத்திதான்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1981-இல் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். எதில் ஆர்வம் என்று எழுதும் இடத்தில், முந்தின வருடம் ஒரு அக்கா எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன். நேர்காணலில் ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "வினையூக்கிகளில் ஆர்வம் என்று போட்டிருக்கிறாயே அம்மா, எந்த வினையில்?" எனக்கு நாக்கு எழவில்லை. காங்கயம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

அப்புறம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதே சாயம், அதே துணி. ஒரு கிணற்றுத் தண்ணீரில் பளிச்சென்று ஏறும், அடுத்த கிணற்றுத் தண்ணீரில் மங்கிப்போகும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை அது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் எவ்வளவு இருந்தால் எந்தச் சாயம் எப்படி மாறும் என்பது புத்தகத்தில் இல்லை. ராத்திரி படுத்தாலும் அதே நினைப்பாக இருந்தது. மறுபடி விண்ணப்பித்தபோது அந்த இரண்டு கிணறுகளைப் பற்றித்தான் எழுதினேன். முக்கால் மணி நேரம் என்னைப் பேச வைத்தார்கள். இடம் கிடைத்தது.

இப்போது உன் மூட்டை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். சாயம் துணிக்குப் போகும். உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரில் நிற்கும். அது நொய்யலில் இறங்கி, 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த காடு தோட்டங்களை என்ன செய்தது என்று உன் ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நீ சின்னக் குழந்தையாக இருந்திருப்பாய். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பதில் பிடி இறுகியது. எதிர்ச் சவ்வூடு பரவலில் (ஆர்.ஓ.) தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். தண்ணீர் மறுபடி பட்டறைக்கே போகிறது. பிரித்தெடுக்க முடிகிற உப்பும் போகிறது. சோடியம் குளோரைடும் சல்பேட்டும் சாயக் கசடும் ஒன்றாகக் கலந்து நிற்கிறதே, அதுதான் நீ பார்த்த மூட்டை. ஆற்றுக்குப் போகாமல் நிறுத்தியது பெரிய காரியம். ஆனால் அந்த மூட்டை இன்னும் ஒரு கேள்வியாகத்தான் ஷெட்டில் கிடக்கிறது. அதற்குப் பதில் தேட வேதிப் பொறியியல் படித்த, நொய்யல் பக்கத்துப் பிள்ளையைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அதனால் எஸ்.ஓ.பி.யை வேறு யாரும் எழுத விடாதே. காசு கொடுத்து எழுதி வாங்கினால் நான் அன்றைக்கு நின்றமாதிரி நிற்க வேண்டி வரும். என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், அந்த உப்பைப் பிரிப்பதில் எது சிக்கல் என்று நினைக்கிறாய், அதற்கு எந்தப் பாடம் உனக்கு இன்னும் போதவில்லை. இவ்வளவும் இரண்டு பக்கத்துக்குள் வந்தால் போதும். சின்ன வயதிலிருந்தே அறிவியல் பிடிக்கும் என்ற ஆரம்பம் வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். 40 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி என்றே வைத்தாலும் வருடம் 4 லட்சம். மாதம் 33 ஆயிரம் வட்டி மட்டும். இந்தப் பக்கம் பார். கேட் தேர்ச்சியோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஆராய்ச்சிக்குப் போனால் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, வாடகைப்படி தனி. நல்ல மதிப்பெண்ணோடு வரும் பி.டெக். பிள்ளைகளை ஐ.ஐ.டி.க்களிலும் ஐ.ஐ.எஸ்ஸி.யிலும் நேரடியாகவே பிஎச்.டி.க்கு எடுக்கிறார்கள். வெளிநாடுதான் ஆசை என்றால் அதிலும் ஒரு வித்தியாசம் தெரிந்துகொள். அமெரிக்காவில் எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டும். பொறியியல் பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, செலவுக்கு மாதச் சம்பளமும் உண்டு; நாலு வருட பி.டெக்.கோடு அதற்கே விண்ணப்பிக்கலாம். இதை ஏஜென்சியில் சொன்னதாக உன் கடிதத்தில் இல்லை. எந்த ஆராய்ச்சி என்று தெரியாமல் தோட்டத்தை அடகு வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கேட் எழுது. ஆகஸ்ட் கடைசி வாக்கில் பதிவு தொடங்கும், பிப்ரவரியில் தேர்வு. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், எனவே நடுவில் ஒரு வருடம் திருப்பூரில் வேலை பார்த்தாலும் வீண் போகாது. அந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே வேலை கிடைத்தால் யோசிக்காமல் போ. அமெரிக்கா என்றால் பெரும்பாலும் டிசம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும், மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். பிரின்சிபாலிடம் போகாதே, அவருக்கு உன் முகம்கூட நினைவிருக்காது. லேபில் உன்னோடு நின்ற ஆசிரியரைக் கேள். இரண்டு மாதம் முன்னாடியே கேள்.

பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம். ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஷெட்டைக் காட்டு. ஒரத்துப்பாளையம் தண்ணீரை அவரும் பார்த்தவர்தானே. மாப்பிள்ளை பேச்சு தானாக நிற்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் நீ எதற்காகப் படிக்கிறாய் என்பது அவருக்குப் புரியும்.

தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். ஆடிப் பதினெட்டுக்குள் முதல் பக்கத்தை எழுதி, பத்திரிகை முகவரிக்கே எனக்கு அனுப்பு. அந்த உப்பு என்ன நிறத்தில் இருந்தது என்பதிலிருந்து ஆரம்பி.