ஏஎஸ்/400 கணினியில் கோட் ஜெனரேட்டர், அறிக்கைக் கருவி: என்ன வித்தியாசம்?

ஏஎஸ்/400 என்பது ஐபிஎம் 1988 இல் கொண்டுவந்த நடுத்தர வணிகக் கணினி. அதன் இன்றைய வாரிசு, ஐபிஎம் பவர் கணினிகளில் ஓடும் ஐபிஎம் ஐ இயங்குதளம்.

கோட் ஜெனரேட்டர் நிரலையே எழுதித் தரும் கருவி. என்ன தரவு, என்ன விதி, எந்தத் திரை என்று சொன்னால் போதும். சைனன் போன்ற ஜெனரேட்டர்கள் அதை ஆர்பிஜி அல்லது கோபோல் என்ற நிரல் மொழியில் நிரலாக்கிவிடும். வணிக மென்பொருளில் சேர்ப்பது, திருத்துவது, தேடுவது என ஒரே மாதிரித் திரைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் கையால் எழுதுவது வீண் உழைப்பு, பிழையும் கூடும்.

குவெரி/400 போன்ற அறிக்கைக் கருவியின் வேலை வேறு. ஏற்கெனவே பதிந்த தரவைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, கூட்டிக் காட்டும்.

மருதமுனைக் கைத்தறியை நினைத்துப் பாருங்கள். தறியில் பாவு ஓட்டி, ஒரே டிசைனில் சாரம் சாரமாக நெய்வது ஜெனரேட்டர். நெய்து அடுக்கியதில் எந்த நிறம் எத்தனை என்று எண்ணிச் சொல்வது அறிக்கைக் கருவி.

அம்பாறையில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுத் திரை புதிதாக வேண்டுமா? ஜெனரேட்டர். இந்தப் போகத்தில் யாரிடம் எத்தனை மூடை வாங்கினோம் என்று மட்டும் தெரிய வேண்டுமா? சரி, குவெரி போதும். இதற்குப் போய் ஜெனரேட்டர் வாங்குவது காசுக்குக் கேடு. விலையும் அதிகம், பழகவும் நாளாகும்.

அப்புறம், "அறிக்கை பார்க்க மட்டும்தானே, கணினிக்கு என்ன பாரம்" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், பொருத்தமான இண்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத பெரிய குவெரி ஒன்றை வேலை நேரத்தில் ஓடவிட்டால் பில் போடும் திரையும் சேர்ந்து மெதுவாகிவிடும்.