வாசலில் நிற்பவருக்குச் சட்டம் உண்டு, கட்டிலருகே இருப்பவருக்கு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் படுத்திருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் நிற்பதில்லை. அதனால் முட்டிவலி, தூக்கமின்மை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குப் பக்கவாதம். எட்டு மாதத்தில் ஆறு அட்டெண்டர்கள் மாறிவிட்டார்கள். ஏஜென்சியில் கேட்டால் ‘ஆளே இல்லை மேடம்’ என்கிறார்கள். நிஜமாகவே ஆள் இல்லையா, ரேட்டை ஏற்ற நாடகமா?
– ஒரு வாசகி, முகப்பேர்

நாடகமும் உண்டு, ஆனால் ஆள் இல்லை என்பது பொய் இல்லை. 2021 கணக்குப்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இந்திய அளவில் அது 10.1 தான். நமக்கு மேலே இருப்பது கேரளம் மட்டும், 16.5. ஒரு காலத்தில் சென்னையில் ‘ஹோம் நர்ஸ்’ என்றாலே மலையாளச் சேச்சிதான் வந்து நிற்பார். இப்போது அவர்கள் ஊரிலேயே பார்க்க ஆள் தேடுகிறார்கள். படித்த நர்ஸ்களோ வளைகுடா, ஜெர்மனி என்று போய்விட்டார்கள். 2022 பிப்ரவரியில் பிரிட்டன் கேர் வொர்க்கர்களுக்கு விசாக் கதவைத் திறந்தபோது அந்தப் பக்கமும் ஒரு கூட்டம் கிளம்பியது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் ஏற்கெனவே போனவர்கள் முகப்பேருக்குத் திரும்பி வந்துவிடப் போவதில்லை.

ஆனால் ஆறு பேர் வந்து ஆறு பேரும் போயிருக்கிறார்களே, அது ஆள் பஞ்சம் இல்லை. வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே ஓர் இடத்தில், ‘ராத்திரி என்ன வேலை, தூங்கத்தானே போகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் முப்பது வருஷம் வார்டில் நைட் டூட்டி பார்த்தவள். பக்கவாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, நாலு நாளில் படுக்கைப்புண். அப்படியென்றால் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. நடுவில் டயப்பர் நனைந்தால் அதற்கு ஒருமுறை, இருமினால் ஒருமுறை. காலை ஆறு மணிக்கு நீங்கள் காபியோடு வரும்போது அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதால் அவள் தூங்கினாள் என்று அர்த்தமில்லை. வார்டில் எங்களுக்கு எட்டு மணி நேரத்தில் ஷிப்ட் முடியும், உங்கள் வீட்டில் அவளுக்கு முடியவே முடியாது. ‘24 மணி நேர டூட்டி’ என்பது ஏஜென்சி கண்டுபிடித்த வார்த்தை, ஒரு மனுஷியால் செய்யக்கூடிய வேலை அல்ல.

செலவு கூடும்தான், ஆனாலும் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று 12 மணி நேரமாகப் பிரித்துப் பாருங்கள். அது முடியாவிட்டால் பகலில் நாலு மணி நேரம் அட்டெண்டரை எழுப்பவே மாட்டோம் என்று வீட்டில் எல்லாரும் முடிவெடுங்கள். அப்புறம், சமையலறையில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் அதை முதலில் எடுங்கள். மாமியாரின் மலத்தை அள்ளும் கைக்கு உங்கள் டம்ளர் ஆகாது என்றால் ஏழாவது ஆளும் போய்விடுவார்.

ஏஜென்சி நடத்த லைசென்ஸ் வேண்டாமா? வருகிறவர் நர்ஸா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சார், உங்கள் மகன் இருக்கும் அடுக்குமாடியின் கேட்டில் செக்யூரிட்டி ஒருவர் இருப்பார் இல்லையா, அவரை அனுப்பும் ஏஜென்சிக்கு 2005-லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் வேண்டும், ஆளின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், பயிற்சி தர வேண்டும்; மாதிரி விதிகளில் 160 மணி நேரம் என்றே இருக்கிறது. கேட்டைத் திறந்து மூடுகிறவருக்கு இவ்வளவு. உங்கள் மனைவியைக் குளிப்பாட்டி, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றி, பீரோ இருக்கும் அறையிலேயே படுத்துக்கொள்கிறவரை அனுப்பும் ஏஜென்சிக்கு அப்படி நாடு முழுக்கச் செல்லும் உரிமச் சட்டம் ஒன்றும் கிடையாது. ஒரு போன், ஒரு வாட்ஸப் குரூப், கடைத்தெருவில் ஒரு போர்டு இருந்தால் தொழில் ஆரம்பம்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்து கவனிக்கும் சேவை தருகிற நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது, 2024-இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதி. இன்னொரு வேடிக்கை, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்த சத்தீஸ்கர் 2013-லும் ஜார்க்கண்ட் 2016-லும் தனிச்சட்டம் போட்டன. பெண்கள் கிளம்பிப் போகிற ஊர்கள் அவை. பெண்ணைப் பறிகொடுத்த ஊருக்குத்தான் சட்டத்தின் அவசரம் முதலில் புரிந்திருக்கிறது.

சரி, இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது. ‘நர்ஸ்’ என்று சொல்லி அனுப்பினால் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம் – படித்தவருக்குப் பதிவு எண் இருக்கும், கேட்டால் சுணங்காமல் காட்டுவார். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கும் அட்டையும் கணக்கில்லை, அதை ஏஜென்சியே பாரிமுனையில் அடித்துக் கொடுக்கும். எண் இல்லையென்றால் வந்திருப்பவர் அட்டெண்டர். அட்டெண்டர் என்பது குறைச்சலான வேலை இல்லை, ஆனால் நரம்பில் ஊசி போடுவதும், யூரின் குழாய் மாற்றுவதும், மூக்குக் குழாயைப் புதிதாக இறக்குவதும் அவர் வேலை அல்ல. இருக்கிற குழாயில் உணவு கொடுக்கலாம், தலைமாட்டை நன்றாக உயர்த்தி, கொடுத்த பிறகும் அரைமணிக்குக் குறையாமல் அப்படியே வைத்திருக்கத் தெரிந்தால். முதல் நாள் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், கட்டிலை உயர்த்தாமலேயே சிரிஞ்சை எடுக்கிறார் என்றால் புரிந்துவிடும். வீட்டு வேலைக்கு வருகிறவரின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வசதி இருக்கிறது.

ஏஜென்சியில் பதிவுக் கட்டணமும் ஒரு மாத அட்வான்ஸும் கட்டினேன். ஐந்தாம் நாள் அந்தப் பெண் போய்விட்டார். மாற்று ஆளும் இல்லை, பணமும் இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

ரசீது இருக்கிறதா? இல்லாவிட்டாலும் ஜிபேயில் அனுப்பிய பதிவும் வாட்ஸப் பேச்சும் போதும், அழிக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு சேவை தராதது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள், பல ஏஜென்சிகள் அந்த எண்ணிலிருந்து தகவல் போனதுமே பாதிப் பணத்தோடு பேச வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே ஆஜராகலாம்.

நான் இந்த வேலைதான் செய்கிறேன். ஏஜென்சியில் வீட்டுக்காரர்களிடம் மாதம் 27,000 வாங்குகிறார்கள், எனக்கு 17,000 தருகிறார்கள். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் முடியாமல் தரமாட்டோம் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி

இந்த ஒரு கடிதத்தை மற்றக் கடிதம் போட்டவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாசம் பத்தாயிரம் நடுவில் எங்கே போகிறது என்று கொடுக்கிற வீட்டுக்கும் தெரியாது.

தங்கச்சி, ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்துவைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. எழுத்தில் கேளுங்கள், தரவில்லை என்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்து, தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம், பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுப் பணியாளருக்குக் குறைந்தபட்சக் கூலியும் அரசு 2018-இல் அறிவித்தது, மணிக்கு 37 ரூபாயில் ஆரம்பம். அந்த 37-ஐ இருபத்துநாலால் பெருக்கி, முப்பதால் பெருக்கிப் பாருங்கள். 26,640 வரும்.

கிராமத்தில் அப்பா படுத்த படுக்கை. ஏஜென்சி எல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.
– வாசகர், அரூர் அருகே

துணை சுகாதார நிலையத்தில் போய் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் அப்பாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் உங்களுக்குப் பக்கத்து மாவட்டம் கிருஷ்ணகிரியில்தான் தொடங்கினார்கள். பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோவும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீடு தேடி வருவார்கள், காசு கிடையாது. நாள் முழுக்கக் கூட இருக்க மாட்டார்கள், அதற்கு நீங்கள்தான். ஆனால் நர்ஸ் வருகிற அன்று புரட்டிப் படுக்கவைப்பதையும் புண் இருக்கிறதா என்று பார்ப்பதையும் வீட்டில் இரண்டு பேர் கற்றுக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அவர் முதுகு போய்விடும்.

எங்கள் வீட்டில் இருப்பவர் ஒடிசாக்காரர், நல்ல பெண். தீபாவளிக்கு ஊருக்கு அனுப்பினால் திரும்பி வருவாரா?
– வாசகி, வேளச்சேரி

போகிற டிக்கெட்டையும் வருகிற டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள், ஊரில் இருக்கிற நாளுக்கும் சம்பளம் பிடிக்காதீர்கள். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறக்கும், காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.