எதிரொலிக்காக எழுதப்பட்ட பாட்டு

வணக்கம் சார்,

படிப்பதற்காக கேம்பிரிட்ஜ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தேவாலய இசை பற்றி நீங்கள் முன்பு எழுதியது மனதில் இருந்ததால், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயமான சேப்பலில் இந்தப் பருவத்தில் நடக்கும் சேர்ந்திசை, ஆர்கன் (காற்றால் ஒலிக்கும் பெரிய குழாய் வாத்தியம்) கச்சேரிகளில் ஐந்துக்கு டிக்கெட் எடுத்தேன். இரண்டு முடிந்துவிட்டன. முதலாவதில் பழைய ஆங்கில இசையமைப்பாளர்கள் வில்லியம் பேர்டும் ஆர்லாண்டோ கிப்பன்ஸும். இரண்டாவது முழுக்க ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், ஆர்கனில். இரண்டிலுமே வெறுங்கையோடுதான் திரும்பினேன். எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். பிடித்துக்கொள்ள ஒரு மெட்டு கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் பாடினாலும் ஒரு சொல் விளங்கவில்லை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்புகிறது. ஆர்கன் மிரட்டியது. போதாததற்கு எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அங்கே உட்காரும் உரிமை எனக்கு உண்டா என்றுகூடத் தோன்றியது. மீதி மூன்றுக்கும் போகவா, டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடவா?

க., கேம்பிரிட்ஜ்

அன்புள்ள க.,

கொடுத்துவிடாதீர்கள். உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. எட்டு வருடம் அது ஒரு குரலைப் பின்தொடரப் பழகியிருக்கிறது. இங்கே ஒரே நேரத்தில் நான்கைந்து குரல்கள் தனித்தனியாக நடக்கின்றன. அவற்றோடு கட்டடமும் சேர்ந்து பாடுகிறது.

அந்தக் கட்டடத்திலிருந்தே தொடங்குவோம். நீளம் சுமார் 88 மீட்டர், அகலம் 12, உயரம் 24. நீண்டு, ஒடுங்கி, உயர்ந்த ஒரு கல் கூடு. தலைக்கு மேலே விசிறி விசிறியாக விரியும் கூரையை 1512க்கும் 1515க்கும் இடையில் கட்டினார்கள். பாடும் குரல் அந்தக் கல்லில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது, சில விநாடிகளுக்கு அடங்குவதே இல்லை. நீங்கள் குழப்பம் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் எழுதியவர்களுக்கு அது தெரியும். கிப்பன்ஸ் 1596இல் சிறுவனாக இதே சேப்பலின் பாடகர் குழுவில் சேர்ந்தவர். ஒரு சுரம் அந்தக் கூரைக்குக் கீழே எவ்வளவு நேரம் தங்கும் என்பது அந்த வயதிலேயே அவர் காதில் ஏறியிருக்கும். அடுத்து வரும் சுரம் முந்தையதன் வால்மேல்தான் விழப்போகிறது என்று தெரிந்தே எழுதுகிற இசை இது.

இதைக் கமகத்தோடு வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். நாம் சுரத்தை அசைத்துத்தான் உயிர் கொடுக்கிறோம். அந்தக் கூரைக்குக் கீழே தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்தால், அசைவுகள் எல்லாம் திரும்பி வந்து ஒன்றாகக் கலங்கிவிடும். அதனால்தான் அந்தச் சிறுவர்கள் குரலை நடுங்கவிடாமல், கோடு போட்டது போல நேராகப் பாடுகிறார்கள். முதலில் கேட்கும்போது எனக்கும் அது உணர்ச்சியற்றதாகத்தான் பட்டது. அப்புறம்தான் உணர்ச்சி வேறோர் இடத்தில் இருப்பது தெரிந்தது.

எங்கே என்று சொல்கிறேன். பேர்ட் 1590களின் தொடக்கத்தில் நான்கு குரல்களுக்கு ஒரு மாஸ், அதாவது கத்தோலிக்கத் திருப்பலிக்கான இசை, எழுதினார். கத்தோலிக்க வழிபாடு இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. எலிசபெத் ராணியின் சேப்பலில் சம்பளம் வாங்கிய இசைக்கலைஞர்தான் இவர், ஆனாலும் கத்தோலிக்கர். வீடுகளுக்குள் ரகசியமாகக் கூடியவர்கள் பாடுவதற்கு எழுதிய இசை. அதன் கடைசிப் பகுதி ‘எங்களுக்கு அமைதி தா’ என்று லத்தீனில் கெஞ்சி முடியும். அந்த இடத்தில் ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்க, இன்னொரு குரல் நகர்ந்து வந்து அதன்மேல் உரசும். காதில் லேசாக வலிக்கும். பிறகு, நின்ற குரல் ஒரே ஒரு படி இறங்கும். வலி தீரும். தீர்வதற்குள் வேறொரு குரல் பிடிவாதமாக நிற்கத் தொடங்கியிருக்கும். அமைதி கேட்கிற சொல்லுக்கு இப்படி ஓர் இசை. கச்சேரிக்குப் போகுமுன் வீட்டில் ஹெட்போனில் அந்தச் சில நிமிடங்களை நான்கு முறை கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு குரலை மட்டும் தொடருங்கள். மெட்டு கிடைக்கவில்லை என்றீர்கள். அங்கே நான்கு இருக்கின்றன.

உட்காரும் இடமும் முக்கியம். சேப்பலைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கும் மரத் தடுப்புக்கு மேற்கே, முன்மண்டபத்தில் இடம் கிடைத்தால் எல்லாம் கரைந்துதான் வந்து சேரும். பாடகர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பது தடுப்புக்குக் கிழக்கே. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சொல் கேட்கும், இந்த வரிசை கேட்க அந்த வரிசை பதில் சொல்வது தெரியும், முதல் சுரத்துக்கு முன் எல்லோரும் ஒன்றாக இழுக்கும் மூச்சும் கேட்கும்.

அந்தத் தடுப்பு 1530களில் செய்தது. மன்னர் எட்டாம் ஹென்றியின் பெயரெழுத்தும் அவருடைய ராணி ஆன் போலினின் பெயரெழுத்தும் அதில் செதுக்கியிருக்கும். சில வருடம் கழித்திருந்தால் அந்த ராணியின் எழுத்து அங்கே வந்திருக்காது, 1536இல் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். ஆர்கன் அதன்மேல்தான் நிற்கிறது.

சரி, ஆர்கன். மிரட்டியது என்றீர்கள், புரிகிறது. அதன் 32 அடி (மிக நீண்ட குழாயின் நீளம்) வரிசையின் அடிக்கட்டைச் சுரம் விநாடிக்கு ஏறக்குறைய 16 அதிர்வுதான். காதுக்கு எட்டும் எல்லையிலேயே அது இருக்கிறது. பலகையில் கை வைத்தால் விரலில் தெரியும். ஆனால் அந்த வாத்தியத்துக்கு ஓர் ஏழ்மை உண்டு, அதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் குழாயில் வரும் சத்தம் ஒன்றே. வாசிப்பவர் கையில் இருப்பது எந்தெந்தக் குழாய்களைத் திறப்பது, எப்போது கையை எடுப்பது, பெரும்பாலும் இவ்வளவுதான். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் விடுகிற அந்த இம்மி இடைவெளியில்தான் அவர் பாவம் காட்ட வேண்டும். அடுத்த முறை சத்தத்தை விட்டுவிட்டு இடைவெளிகளைக் கேளுங்கள்.

பாக்கின் சி மைனர் பாஸகாலியா (ஒரே அடிவரி திரும்பத் திரும்ப வரும் இசை வடிவம்) நிகழ்ச்சி நிரலில் இருந்தால் கட்டாயம் போங்கள், அது உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். எட்டு தாளச் சுற்று நீளமுள்ள ஒரு வரியைக் கால்கள் மட்டும், பெடல் எனப்படும் கால்கட்டைகளில், தனியாக வாசித்துத் தொடங்கும். அதன்மேல் இருபது மாறுபாடுகள். நிரவல் செய்பவர் வரியை விடாமல் சுற்றிச் சுற்றி வருவாரே, அந்த மனதோடு கேட்கலாம். பாதி தாண்டியதும் வரி பெடலை விட்டு மேலே ஏறிக்கொள்ளும். கால் சும்மா இருக்கும் அந்தக் கணம் தரை விலகினது போல இருக்கும்.

நம்பிக்கை பற்றி. கடவுளை நம்பாமலேயே தேவாரம் கேட்டு அழுதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! கல்லூரிப் பருவம் நடக்கும்போது அங்கே ஏறக்குறைய தினமும் மாலை ஈவன்சாங், அதாவது பாடி நடத்தும் மாலை வழிபாடு, உண்டு. கட்டணம் இல்லை, நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. உலகமே கேட்கிற, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நிகழ்ச்சி அங்கே தொடங்கியது 1918இல், போர் முடிந்த கையோடு, போர்முனையில் ராணுவப் பாதிரியாக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-வைட்டின் முயற்சியில். இறந்தவர்களை ‘வேறொரு கரையில்’ இருப்பவர்கள் என்று நினைவுகூர்கிற பிரார்த்தனை அதன் தொடக்கப் பகுதியிலேயே வரும். ஆனால் நீங்கள் அதில் தொடங்க வேண்டாம். கூட்டம் அதிகம், எதிர்பார்ப்பும் அதிகம். நவம்பரில் மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை போதும். மெழுகுவர்த்தி வெளிச்சம், ஈரக் கோட்டுகளின் வாடை, பாதி காலியான இருக்கைகள். அந்தப் பாட்டு தினசரி வேலையாக நடப்பதை அங்கேதான் பார்க்கலாம்.

முடிந்ததும் ஆர்கன் தனியாக வாசிப்பார்கள். பலர் அப்போதே எழுந்து குடையைத் தேடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள். கடைசிச் சுரத்தில் வாசிப்பவர் கையை எடுத்த பிறகு சத்தம் எந்தப் பக்கமாகப் போய் மறைகிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எனக்கு மேற்குக் கதவுப் பக்கம் போனதாகத் தோன்றியது, பக்கத்தில் இருந்தவர் மேலே போனது என்றார்.