பழைய ரேடியோ நகைச்சுவைத் தொடர்களில் உங்களால் மறக்க முடியாத கலைஞர்கள் யார்?

அமெரிக்காவில் 1932 முதல் 1955 வரை ரேடியோவில் நிகழ்ச்சி நடத்திய ஜாக் பென்னியும் அவர் குழுவும்தான்.

1948 மார்ச் 28 அன்று ஒலிபரப்பான ஒரு காட்சி. இருட்டில் திருடன் வழிமறித்து, "பணமா, உயிரா?" என்கிறான். பென்னி பேசவே இல்லை. அந்த மௌனத்துக்கே அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. திருடன் மறுபடி அதட்டுகிறான். "யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று கத்துகிறார் பென்னி.

ரேடியோவில் மௌனத்துக்குச் சிரிப்பு வாங்குவது லேசுப்பட்ட காரியமா? அவர் மகா கஞ்சர் என்பதை அதற்குள் பதினாறு வருஷமாக மற்றவர்கள் பேசிப்பேசி நேயர்கள் மனசில் பதித்திருந்தார்கள். நிஜத்தில் பென்னி தாராளமான மனிதர். நல்ல வசனங்களையெல்லாம் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, தான் கேலிக்கு ஆளாகி நின்றார். இதனாலேயே அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

முதலாளியைப் பேச்சில் மடக்கும் வேலைக்காரர் ரோசெஸ்டராக நடித்தவர் எடி ஆண்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர். 1937இல் ரயில் பணியாளர் வேஷத்தில் ஒரு நாள் நடிக்க வந்தவரை நேயர்கள் விடவில்லை. அந்தக் கரகரத்த குரலை ஒருமுறை கேட்டால் மறக்காது. ஆரம்ப வருஷங்களில் கறுப்பர்களைப் பற்றிய மலிவான கேலிகளும் உண்டு. இன்று கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்த மாதிரி எழுத வேண்டாம் என்று பென்னியே எழுத்தாளர்களிடம் சொல்லிவிட்டார்.

அப்புறம் மெல் பிளாங்க். கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னிக்குக் குரல் கொடுத்தவர். ஒருநாள் பென்னியின் ஓட்டை மாக்ஸ்வெல் காருக்கான ஒலித்தட்டு சரியான நேரத்தில் ஓடவில்லை. பிளாங்க் மைக்கைப் பிடித்து, இருமலும் செருமலும் தும்மலுமாக அந்த இன்ஜினை வாயாலேயே கிளப்பினார். அதன்பின் கார் சத்தம் அவருடைய வேஷமாகவே ஆகிவிட்டது. பென்னியின் கிளியும் அவர்தான், வயலின் வாத்தியாரும் அவர்தான்.

பென்னியை எடுத்தெறிந்து பேசும் மேரி லிவிங்ஸ்டன், நிஜத்தில் அவர் மனைவி. மைக் முன்னால் நிற்கவே பயப்படுவார். அந்தப் பயம் முற்றி, கடைசி வருஷங்களில் அவர் பேச்சை வீட்டிலேயே பதிவுசெய்து சேர்த்திருக்கிறார்கள். முந்தைய வருஷங்களின் பதிவுகளில், வசனத்தின் நடுவே அடக்க முடியாமல் அவர் சிரித்துவிடும் இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகவே நான் பழைய பகுதிகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.